லீக் அண்ணை வீட்டுச் செத்தவீடு

ஒருவரும் சாகாமல் செத்தவீடு நடத்திய மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம், எங்கள் கட்டடத்தின் பதினாலாம் மாடியில் இருந்தார். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் மூன்றாம் மாடி பவளம் அன்ரியிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். அந்தச் செத்தவீட்டுக்குப் போய்வந்து தலைமுழுகியவர் அவர்.

எல்லாருக்கும் அவர் லீக் அண்ணை. சொந்தப் பெயர் நீளமான, அழகான பெயர். அதை நான் முதன்முதலில் அறிந்ததே அவர் கொண்டுவந்த வில்லங்கத்தினால்தான். இப்போது பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே இந்தப் பத்திரிகை போவதில்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

லீக் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையோரமாக இருக்கிற ஆறு சின்ன ஊர்கள் சேர்ந்து ஒரு காலத்தில் நடத்திய பேஸ்போல் போட்டித் தொடர் அது. அண்ணை அதற்கு ‘ஏரிக்கரை லீக்’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தார். தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய லீக் இல்லை. பெரிய லீக்குக்குப் போவதாகக் கனவு கண்டவர்களும், அங்கே போய் அடிபட்டுத் திரும்பியவர்களும் விளையாடிய குட்டி லீக். பகலில் தொழிற்சாலையில் தக்காளியை டின்னில் அடைப்பார்கள், பின்னேரம் வந்து பந்தை அடிப்பார்கள். பல காலம் ஓடி, ஒரு கோடையில் பாதிவழியில் நின்றுபோனது. விளையாடியவர்களே மறந்துவிட்டார்கள். அதன் சரித்திரம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி காணாமல் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு வந்த எங்கள் லீக் அண்ணை.

சரித்திரம் என்றால் சும்மா இல்லை. பதின்மூன்று கொப்பிகள். பஸ் பிடித்து ஒவ்வோர் ஊர் நூலகத்துக்கும் போய், பழைய பேப்பர்களைப் பார்த்து, கிழவர்களின் கதவைத் தட்டிக் கேட்டு எழுதியவை. எல்லாம் தமிழில். இங்கிலிஷில் அந்த லீக்கைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லையாம். ஆக, அந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று தன் தாத்தா எத்தனை தரம் பந்தைத் தவறவிட்டார் என்று அறிய விரும்பினால், முதலில் தமிழ் அரிவரி படிக்கவேண்டும்.

“ஏன் அண்ணை இங்கிலிஷில எழுதேல்ல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்கு இங்கிலிஷில கோபம் வராது பிள்ளை. கோபமில்லாமல் சரித்திரம் எழுதேலாது” என்றார்.

கட்டடத்தில் அவருக்குப் பயந்து சனம் பட்ட பாடு சொல்லி மாளாது. லிஃப்ட் கதவு திறக்கும்போது உள்ளே அவர் நின்றால், கீழே போக நின்றவர்கள் “நாங்கள் மேல போறம்” என்பார்கள். அதற்கும் அவர் அசரமாட்டார். “நானும் மேல வாறன், ஒரு விசயம் சொல்லவேணும்” என்று கூடவே வருவார். பதினோராம் மாடிக் குடும்பம் ஒன்று ஒரு வருடம் முழுக்கப் படியால் ஏறி இறங்கியது. அந்த வீட்டு அங்கிளுக்குச் சீனி வருத்தம் குறைந்துவிட்டது என்பது வேறு கதை.

ஒரு கலியாண வரவேற்பில், வயதானவர் ஆசீர்வதிக்கட்டும் என்று யாரோ தெரியாமல் அவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே பந்தில் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்வது எப்படி என்று கால் மணித்தியாலம் மணமக்களுக்கு விளக்கினார். மாப்பிள்ளைப் பெடியன் பாவம், கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

குளிர்காலம் வந்தால் இன்னொரு கூத்து. கார் தரிப்பிடத்தின் ஓரத்தில் உறைபனி விழுந்து கிடக்கும். அண்ணை தடித்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அதில் இறங்கி நடப்பார். நேராகப் போவார், திரும்புவார், மறுபடி நேராகப் போவார். ஒன்பதாம் மாடியிலிருந்து என் சமையலறை யன்னலால் பார்த்தால் பனியில் சாய்ந்த சதுரம் ஒன்று தெரியும். பேஸ்போல் ஆடுபவர் ஓடவேண்டிய நாலு முனையும் அதில் இருக்கும். பவளம் அன்ரி அதைக் கண்டுவிட்டு, “பாவம், ஏதோ நேர்த்தி வைச்சிருக்கிறார். கோயில் தூரம் எண்டபடியால் இஞ்சயே சுத்துறார்” என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

இவ்வளவுக்கும் பேஸ்போல் தெரிந்து அதில் விழுந்தவர் இல்லை அவர். கனடாவுக்கு வந்த புதிதில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் தக்காளித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனார். அந்த ஊர் முழுவதிலும் தமிழ் கதைக்க ஒரு குருவியும் இல்லை. பின்னேரங்களில் மைதானத்தில் லைட் எரிவதைக் கண்டு, அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்றுதான் போனார். கிரிக்கெட் என்று நினைத்துப் பிழையான இடங்களில் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு, கடலைப் பொட்டலத்தை நீட்டினார்கள். அடுத்த கிழமை ஓட்டங்களைக் காட்டும் பலகையில் இலக்கத் தகடு மாட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லுகிற மனிதர் இரண்டு நாள் வீட்டிலிருந்து பழகிக்கொண்டு வந்து, அண்ணையின் நீண்ட பெயரை ஓரெழுத்துப் பிசகாமல் ஊருக்கே சொன்னாராம். தொழிற்சாலையில் அவரை ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூன்றாவது கோடையில் ஒரு பின்னேரம் தகடுப் பெட்டியோடு போனால் கேற்றில் பூட்டுத் தொங்கியது. லீக் முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் அறிவித்தவர்கள் இவருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். இருட்டும்வரை கேற்றடியில் நின்றுவிட்டு வந்தேன் என்று சொல்லுவார். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவார். நாங்கள் அந்த இடத்திலும் மணிக்கூட்டைத்தான் பார்ப்போம்.

இனி வில்லங்கத்துக்கு வருகிறேன். நான் அப்போது ஸ்காபரோவில் ஓர் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை செய்தேன். லீக் அண்ணை மாதம் ஒருமுறை கொப்பியோடு வருவார். தொடராகப் போடச் சொல்லிக் கேட்பார். எங்கள் ஆசிரியர் அவருடைய தலை தெரிந்தால் கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். ஒருநாள் பூட்டுப் பழுதாகி அகப்பட்டுவிட்டார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. செத்துப்போன பேஸ்போலை எங்கட சனம் ஆர் வாசிக்கிறது?” என்றார் ஆசிரியர்.

“அப்ப எங்கட சனம் என்னத்தைத்தான் வாசிக்கும்?”

“மரண அறிவித்தல்.” ஆசிரியர் பகிடிக்குத்தான் சொன்னார்.

அண்ணை ஒரு நிமிடம் யோசித்தார். “ஓம், அதுவும் சரிதான்” என்றுவிட்டுப் போய்விட்டார். இந்த மனிதர் இவ்வளவு லேசாகப் போகிறாரே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து மின்னஞ்சலில் ஒரு மரண அறிவித்தல் வந்தது. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு நான். உள்ளதைச் சொல்கிறேன், மரண அறிவித்தலின் நடுப்பகுதியை நான் வாசிப்பதில்லை. இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று எல்லாம் ஒரே மாதிரித்தானே வரும். படம் இருக்கிறதா, நாள் இருக்கிறதா, தொலைபேசி இலக்கம் சரியா என்று மூன்றை மட்டும் பார்ப்பேன். மூன்றும் இருந்தன. எங்கள் கட்டட இலக்கம்கூட இருந்தது, அதுவும் என் கண்ணில் படவில்லை. அச்சுக்குப் போகிற நாளில் எனக்குக் கண் தெரியாது, காது கேளாது. வந்ததை வந்தபடி போட்டுவிட்டேன்.

அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

‘ஒன்ராறியோ ஏரிக்கரையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஏரிக்கரை லீக் அவர்கள் காலமானார். அன்னார் ஆறு ஊர்களின் அன்புச் செல்வமும், டின்காரர், படகுக்காரர், பியானோக்காரர் முதலிய அணிகளின் பாசமிகு தந்தையும், மழைக்கும் நுளம்புக்கும் அஞ்சாத பார்வையாளர்களின் ஆருயிர் நண்பரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

மேலே படம், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர். லீக்கின் கடைசி நடுவராம். கீழே, ‘ஞாயிறு பின்னேரம் இல்லத்தில் நினைவுகூரப்படும்’ என்று அண்ணையின் முழுப் பெயரும் வீட்டு இலக்கமும்.

என்னைப்போலத்தான் பவளம் அன்ரியும். நடுப்பகுதியை வாசிக்கிற வழக்கம் அவருக்கும் இல்லை. தலைப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வீட்டு இலக்கத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். கட்டடம் முழுக்கத் தொலைபேசி பறந்தது.

“பிள்ளை, எங்கட லீக் அண்ணை வீட்டில துக்கமாம். மனுசன் தனியாள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருவாரெண்டு நாங்கள் எல்லாரும் ஒளிச்சம், இப்ப பார். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு கெதியா வா.”

“ஆர் அன்ரி செத்தது?”

“உதெல்லாம் போன இடத்தில விளங்கும். முதல் வா.”

எங்கள் ஆட்களிடம் ஆயிரம் குறை இருக்கும். பேர்த்டேக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், கலியாணத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தி வருவார்கள். செத்தவீடு என்றால் கூப்பிடாமலே வருவார்கள். நான் போத்தலில் தேத்தண்ணியோடு பதினாலாம் மாடிக்குப் போனபோது லிஃப்டடிவரைக்கும் சப்பாத்தும் செருப்பும். பதினோராம் மாடிக் குடும்பம் முழுதாக வந்திருந்தது. சமையலறை மேசை கொள்ளாமல் இடியப்பமும் சொதியும் சம்பலும். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஆளாளுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டில் கதிரை இரண்டுதான் இருந்ததால் எல்லாரும் நிலத்தில் இருந்தார்கள்.

யார் செத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. துக்கவீட்டுக்கு வந்துவிட்டு ஆர் செத்தது என்று எந்த முகத்தோடு கேட்பது? மூலைக்குள் குசுகுசுப்பு நடந்தது.

“படத்தில இருக்கிறது மாமனாராக்கும்.”

“மெய்யே? அப்ப உவர் வெள்ளைக்காரியைக் கட்டினவரோ?”

“கட்டிப் பிரிஞ்சிருப்பினம். அதுதான் ஒருத்தரோடயும் வீட்டுக் கதை கதைக்கிறதில்லை.”

பவளம் அன்ரி அண்ணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அண்ணை மரக்கட்டைபோல நின்றார்.

“எப்பிடித் தம்பி தாங்கினீர்?”

“பாதியில நிப்பாட்டிப் போட்டாங்கள் அக்கா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல.”

“உந்த டொக்குத்தர்மார் எல்லாம் உப்பிடித்தான் தம்பி! கடைசி நேரம் ஆர் பக்கத்தில நிண்டது?”

அண்ணை அன்ரியை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, “ஒருத்தரும் இல்லை அக்கா. நான் போகேக்கை கேற்றைப் பூட்டிப் போட்டாங்கள்” என்றார். அன்ரி இரண்டாம் தரம் அழத் தொடங்கினார்.

அப்போதுதான் மேசையில் கிடந்த எங்கள் பத்திரிகையை எடுத்து, என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மரண அறிவித்தலின் நடுப்பகுதியை வாசித்தேன். ஐயோ, கோதாரி! எழும்பி உண்மையைச் சொல்வோமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணை முதலாம் கொப்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

செத்தவீட்டில் துக்கக்காரர் கதைக்கத் தொடங்கினால் நடுவில் எழும்பமுடியாது. அவர் கதைக்கவேண்டும், நாங்கள் தலையாட்டவேண்டும், அதுதான் முறை. மூன்று மணித்தியாலம் அண்ணை கதைத்தார். ஞாயிற்றுக்கிழமை விளையாடுவது பாவமா இல்லையா என்று ஒரு பாதிரியாரும் ஒரு சாராயக்கடைக்காரரும் சண்டை பிடித்து, கடைசியில் இருவருமாகச் சேர்ந்து லீக்கைத் தொடங்கிய கதையைச் சொன்னார். பஸ் பழுதாகி ஓர் அணி முழுவதும் தக்காளி லொறியில் வந்து, சிவந்த காற்சட்டையோடு ஆடிய கதையைச் சொன்னார். ஏரியிலிருந்து பனிப்புகார் ஏறிவந்த ஒரு நாளில், தூரத்தில் நின்ற ஆட்டக்காரன் ஒருவன் காற்சட்டைப் பைக்குள் இருந்த வேறு பந்தை எடுத்துக்காட்டி ‘பிடித்துவிட்டேன்’ என்று கத்திய கதையைச் சொன்னபோது, பதினோராம் மாடி அங்கிள் கொடுப்புக்குள் சிரித்தார். பவளம் அன்ரி அவரை முறைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தானும் குலுங்கினார்.

“செத்தவர் பெரிய விளையாட்டுக்காரராக்கும்” என்று யாரோ என் காதுக்குள் சொன்னார்கள். நான் தேத்தண்ணி வார்க்கப் போய்விட்டேன்.

நாலாம் நாள் பவளம் அன்ரி வாழைக்காய் சீவுவதற்காகப் பழைய பத்திரிகையை விரித்தார். அந்தப் பக்கம்தான் அகப்பட்டது. வாசித்தார். அவர் போட்ட சத்தம் ஒன்பதாம் மாடிக்குக் கேட்டது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அவர் லிஃப்டில் ஏறி ஒன்பதாம் மாடிக்கே வந்துதான் அதைப் போட்டார்.

“பந்தடிக்கடி! பந்தடிக்காகவோ நான் மூண்டு மணித்தியாலம் முழங்கால் நோக நோக நிலத்தில இருந்தனான்! தலை முழுகினனான்! செத்தவீட்டுத் துடக்கெண்டு கோயில் கொடியேத்தத்துக்குப் போகேல்ல! நீ பேப்பரில வேலை செய்யிறாய், உனக்குக் கண்ணில்லையோ?”

கட்டடம் ஒரு நாள் சிரித்தது, அடுத்த நாள் கோவித்தது. இடியப்பச் சட்டியைத் திருப்பி வாங்கக்கூட ஒருவரும் பதினாலாம் மாடிக்குப் போகவில்லை. லிஃப்டில் முகத்தைத் திருப்பினார்கள். முன்பு பயந்து ஒளித்தார்கள், இப்போது வெறுத்து ஒதுங்கினார்கள். அண்ணை சட்டிகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு வாசலிலும் தானே கொண்டுபோய் வைத்தார்.

அதன்பிறகு ஒருநாள் எல்லாக் கதவுகளுக்குக் கீழாலும் ஒரு கடிதம் வந்து விழுந்தது. ‘முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் கல்வெட்டு வெளியீடும் மதியபோசனமும். கீழ்மாடி பார்ட்டி ரூம்.’ எங்கள் முறைப்படி, இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, அவருடைய வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. இந்த மனிதர் லீக்குக்குக் கல்வெட்டு அடித்துவிட்டார்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியால் ஏறி மூச்சு வாங்க வாங்கப் போனேன்.

“அண்ணை, உங்களுக்கு விசரோ? அண்டைக்குச் சனம் வந்தது லீக்குக்கு இல்லை. ஆரோ ஆள் செத்துப்போச்செண்டுதான் வந்தது!”

“தெரியும் பிள்ளை. இரு.”

“என்ன தெரியும்?”

“பவளம் அக்கா டொக்குத்தரைத் திட்டினவுடன எனக்கு விளங்கீட்டுது.” கேத்திலை அடுப்பில் வைத்தார். “நான் பேப்பரில போட்டது சனம் வாசிக்கட்டும் எண்டுதான். ஆரும் வருவினமெண்டு நான் நினைக்கவேயில்லை. ரெண்டு பேர் வந்தால் காணுமெண்டு ரெண்டு கதிரையைத்தான் துடைச்சு வைச்சனான்.”

“பிறகேன் அண்ணை வாயைத் திறந்து சொல்லேல்ல?”

அவர் என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருசம். வாசலில செருப்பு வைக்க இடமில்லாமல் போனது அண்டைக்குத்தான். ‘ஒருத்தரும் சாகேல்ல, எல்லாரும் எழும்பிப் போங்கோ’ எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?”

கேத்தில் கொதித்தது, நான்தான் போய் அடுப்பை நிறுத்தினேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. “இப்ப எல்லாருக்கும் தெரியும். கோவத்தில இருக்கினம். முப்பத்தொண்டுக்கு ஒரு காகம்கூட வராது.”

“அண்டைக்குத் தெரியாமல் வந்தவை. நான் களவெடுத்த மாதிரித்தான். தெரிஞ்சுகொண்டு ஒராள் வரட்டும் பிள்ளை. ஒராள் காணும். ஒருத்தரும் வராட்டில் கொப்பியளைக் கட்டி வைச்சிடுவன், பிறகு ஒருத்தரையும் கரைச்சல் படுத்தமாட்டன்.”

அங்கிருந்து நேரே மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். நடந்ததைச் சொல்லி, கெஞ்சி, பிறகு சண்டையும் பிடித்தேன். பவளம் அன்ரி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கதைத்தார்.

“என்ர மனுசன் செத்த பிறகு நான் வாய்விட்டு அழுதது அண்டைக்குத்தான். இவ்வளவு காலமும் அழாமல் வைச்சிருந்தனான். அதைக் கொண்டுபோய் ஒரு பந்துக்குக் கொட்டிப்போட்டன். திருப்பித் தருவாரோ உந்தாள்?”

கதவைச் சாத்திவிட்டார்.

முப்பத்தோராம் நாள் பார்ட்டி ரூமில் நாற்பது கதிரை. விடிய எழும்பித் தனியாளாக அடுக்கியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டுகள் மூடியபடி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. மேசையில் அந்த நடுவரின் படம், மாலை, குத்துவிளக்கு, பக்கத்தில் கல்வெட்டுக் கட்டு. அண்ணை வெள்ளைச் சேர்ட்டை நீலக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டு மணி என்று போட்டிருந்தது. பன்னிரண்டுக்கு நான் மட்டும்தான். பன்னிரண்டரைக்கும் நான் மட்டும்தான்.

நேராக இருந்த கதிரைகளையே அவர் மறுபடி நேராக்கினார். கதையே இல்லை. அவரை அறிந்த அவ்வளவு காலத்தில் அவர் கதைக்காமல் அரை மணித்தியாலம் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். வாசலில் யாரோ சப்பாத்துச் சத்தம் கேட்டால் இருவரும் நிமிர்வோம். அது உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போகிறவர்களாக இருக்கும். ‘அண்ணை, ஏதாவது சொல்லுங்கோ, பாதிரியார் கதையைச் சொல்லுங்கோ’ என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன்.

ஒரு மணிக்கு அவர் கல்வெட்டுக் கட்டைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்.

“ஆர் உதை எடுத்து வைக்கச் சொன்னது?”

வாசலில் பவளம் அன்ரி. நல்ல சேலை, கடுகடுத்த முகம். அவருக்குப் பின்னால் பதினோராம் மாடி அங்கிளும் மனைவியும், இன்னும் நாலைந்து பேர். தனியே நடக்கவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற மாதிரி அன்ரி அவர்களைச் சாய்த்துக்கொண்டு வந்திருந்தார்.

“செத்தவீட்டுக்குப் போனால் முப்பத்தொண்டுக்கும் போகவேணும்” என்றார், என்னைப் பார்த்து, நான்தான் குற்றவாளி என்பதுபோல. “பாதியில விடக்கூடாது.”

அண்ணை அசையவில்லை. நான்தான் கல்வெட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். கல்வெட்டு கைக்கு வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் திறப்பது கடைசிப் பக்கத்தை. நன்றி சொல்லியிருக்கிற இடத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா? எட்டுப் பேரும் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். அன்றைக்குச் செத்தவீட்டுக்கு வந்த ஒருவர் பெயரும் விடுபடவில்லை. யார் இடியப்பம், யார் சம்பல், யார் தேத்தண்ணி என்று எல்லாம் இருந்தது. பவளம் அன்ரியின் பெயருக்கு நேரே, ‘எனக்காகக் கண்ணீர் விட்டவர்’ என்று இருந்தது. அடியில், எல்லாக் கல்வெட்டிலும் இருப்பதுபோல, ‘இங்ஙனம், குடும்பத்தினர்’.

குடும்பத்தினர் என்று கையெழுத்துப் போட்ட அந்த ஒற்றை மனிதர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பவளம் அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் நடுக் கதிரையில் இருந்து, முழங்காலை நீட்டி வசதிப்படுத்திக்கொண்டார்.

“சரி தம்பி, முதலிலயிருந்து சொல்லும். போனமுறை ஆரோ செத்துப்போச்செண்டு நினைச்சுக்கொண்டு நான் வடிவாக் கேக்கேல்ல.”

அண்ணை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினார், மறுபடி திறந்தார், மறுபடியும் வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து மூடினாலும் மூடாத வாய் அது. ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

நான் போய், படத்துக்குப் பக்கத்தில், அண்ணைக்கு அருகே போட்டிருந்த கதிரையில் இருந்தேன். அது குடும்பத்தினர் இருக்கிற கதிரை என்று தெரிந்துதான் இருந்தேன்.